72-ஐ நான்கால் பெருக்காதீர்கள்

எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனங்களின் பங்கை வாங்க பி.இ. விகிதம் ஒன்றே போதும் என்று பவானியில் ஒருவர் வகுப்பெடுத்து வருகிறார். பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுக்க வேண்டுமாம். விடை 30-க்குக் கீழே இருந்தால் மலிவாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஜமக்காளத் தறியில் சேர்த்த காசையும் சீட்டெடுத்த பணத்தையும் கொண்டு வருகிறவர்கள். அந்தப் பணத்துக்காகவே இந்த வாதத்தைப் பேசாமல் கடக்க முடியவில்லை. இது அடிப்படையிலேயே தவறு.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பஜாஜ் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளை நடத்தும் ஹைதராபாத் நிறுவனம் எலெக்ட்ரானிக்ஸ் மார்ட் இந்தியா. 2024 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அதன் நிகர லாபம் ஏறக்குறைய 72 கோடி ரூபாய். நான்கால் பெருக்கினால் 288 கோடி. அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பங்கு விலை 210-க்குப் பி.இ. 28. வாங்கலாம் என்கிறார். ஆனால், அந்த நிதியாண்டு முழுவதற்கும் நிறுவனம் ஈட்டியது சுமார் 160 கோடிதான். அதே விலைக்கு உண்மையான பி.இ. 50! கோடை வெயிலில் ஏ.சி. விற்று வந்த லாபம் புரட்டாசியில் வராது. தீபாவளிக் காலாண்டு வேறு, அதற்கு முந்தைய காலாண்டு வேறு. அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிப்பவர், கன்று ஈன்ற புதிதில் கறக்கிற பாலை வைத்து வருஷம் முழுக்கக் கணக்குப் போடுவாரா?

முழு ஆண்டு லாபத்தை எடுத்தாலும் வாதம் நிற்காது. 2022 அக்டோபரில் இதே நிறுவனம் 59 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய நிதியாண்டின் விற்பனை 4,349 கோடி, லாபம் 104 கோடி. நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது இரண்டரை ரூபாய்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் போட்டிக் கடை வந்து, தள்ளுபடியால் லாப வரம்பு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால் வரிக்கு முன் 43 கோடி போய்விடும்; வரிக்குப் பின் பார்த்தாலும் லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வெளியீட்டு விலையில் 22 ஆக இருந்த பி.இ. அப்போது 32 ஆகும். இவ்வளவு மெல்லிய லாபத்தின் மேல் நிற்கிற ஓர் எண்ணை அளவுகோல் என்று சொல்லிக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

விற்பனை கூடினால் லாபமும் கூடும் என்ற அவர் நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. 2023-24-இல் 6,285 கோடியாக இருந்த விற்பனை அடுத்த ஆண்டு 6,965 கோடியானது; லாபமோ 184-இலிருந்து 160-ஆக இறங்கியது. டெல்லிப் பக்கம் திறந்த புதுக் கடைகளின் வாடகை, வட்டி, தேய்மானம் முதல் நாளிலிருந்தே ஓடுகின்றன. வாடிக்கையாளர் மெதுவாகத்தான் வருகிறார்.

பல்பொருள் அங்காடி நிறுவனமான டிமார்ட்டின் பி.இ.யைக் காட்டி எலெக்ட்ரானிக்ஸ் மார்ட் மலிவு என்பது இன்னும் மோசம். டிமார்ட் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது, கடன் மிகக் குறைவு, லாப வரம்பு சுமார் 5 சதவீதம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்ன நியாயம்?

குறைந்த பி.இ.யை மட்டும் தேடுகிறவர் நல்ல வாய்ப்பையும் தவறவிடுவார். அமெரிக்காவின் எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனமான பெஸ்ட் பை 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. நட்டத்துக்குப் பி.இ. கிடையாது. 2012 டிசம்பர் இறுதியில் 12 டாலரை ஒட்டிக் கிடந்த பங்கு, 2013 இறுதியில் 40 டாலரை நெருங்கியது.

வகுப்பில் சொல்ல வேண்டியவை வேறு. தொடர்ந்து நான்கு காலாண்டுகளின் லாபத்தைக் கூட்டுங்கள். கிடங்கில் சரக்காக முடங்கிய பணம் எவ்வளவு, வட்டிக்குப் போவது எவ்வளவு, வியாபாரத்திலிருந்து ரொக்கமாக வந்தது எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். பழைய கடைகளின் விற்பனை ஏறியதா என்று பாருங்கள். இவற்றைச் சொல்லித்தர நேரமில்லை என்றால், மற்றவர் பணத்தை இந்தப் பங்கில் போடச் சொல்லும் உரிமையும் அவருக்கு இல்லை.