கத்தரிப்பூ கலர் அம்புக்குறி

திருப்பதியில் வழி தெரியவில்லையே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. முன்னால் போகிற மொட்டைத் தலை ஒன்றைக் குறிவைத்து நடந்தால் போதும், பெருமாளிடம் கொண்டுபோய் விட்டுவிடும். ரங்கநாதன் தெருவில் நடக்கக்கூட வேண்டாம். சும்மா நின்றால் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய் மாம்பலம் ஸ்டேஷனில் சேர்த்துவிடும். கூட்டத்தோடு போனால் போய்ச் சேரலாம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம்.

இந்த ஞானத்தை மட்டும் நம்பித்தான் நான் முதல் தடவை லண்டன் ஹீத்ரூ ஏர்போர்ட்டில் போய் இறங்கினேன்.

ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போகிற வழி. சென்னையிலிருந்து போன விமானம் 5-ம் டெர்மினலில் நின்றது. அடுத்த விமானம் 3-ம் டெர்மினலில். நடுவே இரண்டேகால் மணி நேரம். 'அஞ்சுக்கும் மூணுக்கும் நடுவுல நாலு ஒண்ணுதானே, நடந்தே போயிடலாம்' என்று மனக்கணக்குப் போட்டேன். (அந்த 4 ஓடுபாதைக்குத் தெற்கே தனிக்குடித்தனம் நடத்துகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.)

இறங்கிய அத்தனை பேரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். நானும் நடந்தேன். பூமிக்கு அடியில் ஒரு குட்டி ரயில் வந்தது. ஏறினார்கள், ஏறினேன். எஸ்கலேட்டரில் போனார்கள், போனேன். கடைசியில் பெரிய ஹால். ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற நாள் மாதிரி வளைந்து வளைந்து க்யூ. நிம்மதியாக இருந்தது. க்யூ என்று ஒன்று இருந்தால் அதன் நுனியில் ஏதோ ஒன்று கொடுப்பார்கள் அல்லவா? நாற்பது நிமிஷம் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஈஸ்ட்ஹாமில் இருபது வருடமாக இருக்கிறாராம். பேச்சுவாக்கில், "தம்பி லண்டன்ல எங்க தங்கப் போறியள்?" என்றார்.

"லண்டன்ல தங்கலைங்க. அமெரிக்கா போறேன். இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல ஃப்ளைட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இஞ்ச ஏன் நிக்கிறியள்? இது நாட்டுக்குள்ள போற லைன் எல்லோ!"

இமிகிரேஷன் க்யூ. என் பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் விசா கிடையாது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால், வேண்டாத நாட்டுக்குள் வரம்பு மீறி நுழையப் பார்த்தவன் மாதிரி அந்த ஆபீசர் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றிருப்பேன். "மேல பாருங்கோ தம்பி" என்று அவர் கை காட்டிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். வந்த வழியெல்லாம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, கத்தரிப்பூ கலரில் ஒரு போர்டு. விமானம் மாறுகிறவர்களுக்கு என்றே தனி நிறம். மற்றதெல்லாம் மஞ்சள்.

வந்த வழியே திரும்பி ஓடி, பஸ் பிடித்து, 3-ம் டெர்மினலில் மறுபடி பெல்ட்டைக் கழற்றி ஸ்கேனரில் போட்டு, அதைப் பேன்ட்டில் மாட்ட நேரமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடி, கேட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடைசி ஆள் நான்தான். ஏர்ஹோஸ்டஸ் என் முகத்தைப் பார்ப்பதா, பெல்ட்டைப் பார்ப்பதா என்று தயங்கினாள்.

ஸீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. ஏர்போர்ட்டில் கூட்டம் போவது அதன் வீட்டுக்கு. நம் வீட்டுக்கு அல்ல.

*

இந்த 'இணைக்கப்பட்ட டெர்மினல்கள்' என்கிற வார்த்தையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய ஏர்போர்ட் எல்லாவற்றுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி ஓடுகிறது. செக்யூரிட்டி, இமிகிரேஷன் எல்லாம் தாண்டியவர்கள் வேலிக்கு உள்ளே. டாக்சிக்காரர், வழியனுப்ப வந்த சித்தப்பா, எல்லாரும் வேலிக்கு வெளியே. இரண்டு டெர்மினலையும் ரயில் இணைக்கிறது என்று சொன்னால் உடனே சந்தோஷப்படாதீர்கள். அந்த ரயில் வேலிக்கு உள்ளே ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஹீத்ரூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 5-ம் டெர்மினலிலிருந்து 2, 3 டெர்மினல்களுக்குக் காசில்லாமல் ரயிலில் போகலாம். ஆனால் அது வேலிக்கு வெளியே. அந்த ரயிலைப் பிடிக்க நீங்கள் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்தாக வேண்டும். வேலிக்கு உள்ளேயே போக பஸ்தான். பாரிஸ் சார்ல்ஸ் தெ கோல் ஏர்போர்ட்டில் 2007-ல் விட்ட டிரைவர் இல்லாத ரயிலும் வெளியே ஓடுவதுதான். அமெரிக்காவின் டல்லாஸில் A முதல் E வரை ஐந்து டெர்மினல்களைச் சுற்றி 2005 முதல் ஓடுகிற ஸ்கைலிங்க் உள்ளே ஓடுவது. ஆனால் அமெரிக்காவில் வேறு சங்கதி. அங்கே எந்த ஊரில் முதலில் கால் வைக்கிறீர்களோ அங்கேயே இமிகிரேஷன். அடுத்த ஊருக்குப் போகிறவர்கள்கூடப் பொதுவாகப் பெட்டியை எடுத்து மறுபடி போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களை ஸ்கைடிரெயின் இணைக்கிறது. 2017-ல் திறந்த 4-ம் டெர்மினலுக்கு ரயில் கிடையாது, பஸ். அங்கே 2019-ல் 'ஜுவல்' என்று ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயர அருவி வைத்தார்கள். சிங்கப்பூரில் விமானம் மாறுகிற நம்மவர்கள் எல்லாரும் அதன் அடியில் நின்று போட்டோ எடுக்க ஆசைப்படுகிறார்கள். அது வேலிக்கு வெளியே இருக்கிறது சார். இமிகிரேஷன் தாண்டாமல் போக முடியாது. ஸ்கைடிரெயினில் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

நம்பர்களையும் நம்பாதீர்கள். ஹீத்ரூவில் 2, 3, 4, 5 இருக்கின்றன. 1 கிடையாது. 2015-ல் மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் அதன் பெட்டி கடத்துகிற யந்திரங்கள் மட்டும் 2-ம் டெர்மினலுக்காக உழைத்துக்கொண்டிருந்தன, ரிட்டயரான ஹெட்கிளார்க் ஆபீசுக்கு வந்துபோகிற மாதிரி. நம் மீனம்பாக்கத்திலும் இதே கதைதான். 2023-ல் புது 2-ம் டெர்மினல் வந்ததும் பழைய 3-ஐ இடித்தார்கள். 1, 2, அப்புறம் 4 என்று ஆயிற்று. நம்பரை மாற்றி வரிசைப்படுத்தலாமே என்று தோன்றும். போர்டு, டிக்கெட், டாக்சிக்காரர் நாக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமே! நம் தெருவில் 14-க்கு அடுத்த வீடு 31 என்று இருப்பதை நாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?

*

இப்படி ஒருமுறை பெல்ட்டைக் கையில் பிடித்து ஓடிய தகுதியில், எங்கள் குடும்பத்தின் ஏர்போர்ட் நிபுணராக நான் நியமிக்கப்பட்டேன். அந்தப் பதவிக்கு உண்மையான சோதனை போன வருடம் வந்தது.

டல்லாஸில் என் தங்கைக்குப் பிரசவம். அம்மா தனியாகப் போக வேண்டும். வயது அறுபத்து நாலு. அதற்கு முன்னால் அவள் போன தூரதேசம் காசி, அதுவும் ரயிலில், அப்பா இருந்தபோது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பேச்சு வராது. சென்னை, ஹீத்ரூ, டல்லாஸ். மறுபடியும் அதே 5, அதே 3.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன யோசனை: "வீல்சேர் போட்டுடு!"

இது நம்மூர்க் கண்டுபிடிப்பு. கால் வலிக்காக அல்ல, வழிக்காக வீல்சேர். தள்ளுகிறவருக்கு ஏர்போர்ட்டின் சந்துபொந்து எல்லாம் தெரியும். உட்கார்ந்தால் போதும், கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நிஜமாகவே நடக்க முடியாதவர்கள் நாற்காலிக்குக் காத்திருக்கிறார்களே என்று என்னைப் போலச் சிலர் முணுமுணுப்பதுண்டு. ஆனால் பாஷை தெரியாத ஊரில் தனியாக மாட்டிக்கொள்கிற பயத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு நானும், "போட்டுடலாம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வருஷா வருஷம் திருவண்ணாமலை கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறேன். என்னைத் தள்ளிக்கிட்டுப் போறதா? பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் வைக்கப் போறவ நாற்காலியில போய் இறங்குனா, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

அப்பீல் இல்லை.

ஆகவே பயிற்சி ஆரம்பித்தது. எங்கள் வீட்டு வாசல் 5-ம் டெர்மினல். சமையலறை 3-ம் டெர்மினல். ஹால்தான் பஸ். என் மனைவி பாத்ரூம் வாசலில் இமிகிரேஷன் ஆபீசராக நின்றாள். (அந்த வேஷம் அவளுக்கு மேக்கப் இல்லாமலே பொருந்தியது.) "இவகிட்ட மட்டும் போகவே கூடாதும்மா. கூட்டம் பூரா இவகிட்டதான் போகும். நீ போகாதே. கூட்டத்தோட போகவே போகாதே."

"சரி, எப்படித் தெரியும்?"

"மேல போர்டு. கத்தரிப்பூ கலர்."

அவ்வளவுதான். பர்ப்பிளுக்கும் வயலட்டுக்கும் எனக்கு இன்றுவரை வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். நாற்பது வருடமாகப் புடவைக்கு மேட்சிங் ப்ளவுஸ் பிட் தேடியவள். உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்து வந்து, "இந்தக் கலரா, இல்ல இதைவிட ஒரு சாயல் கம்மியா?" என்றாள். நெட்டில் போர்டின் படத்தைத் தேடிக் காட்டினேன். புடவையை மொபைலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "இதேதான். இதையே கட்டிக்கிட்டுப் போறேன். மறந்தா குனிஞ்சு பார்த்துக்கலாம்."

பாக்கி விஷயங்களையும் முடித்தேன். இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் நடுவழியில் பெட்டியை எடுக்க வேலியைத் தாண்டச் சொல்லிவிடுவார்கள். சென்னை கவுன்ட்டரில் பெட்டியில் கட்டிய சீட்டில் டல்லாஸின் மூன்றெழுத்து DFW இருக்கிறதா என்று அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தாள். அமெரிக்க விசா இருந்ததால் வேலிக்கு உள்ளேயே மாறிப் போக பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க விசா மாதிரி எதுவும் கையில் இல்லாத இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு அது வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும். உங்கள் அம்மாவை அனுப்புமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள், என் பேச்சை நம்பாமல். இன்னொன்று, ஹீத்ரூவில் கேட் நம்பரைச் சீக்கிரம் சொல்ல மாட்டார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். "சீரியல் பார்க்கிற மாதிரி" என்றேன். "சீரியல்ல ஒண்ணும் நடக்காதேடா" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு ஆபீஸ் போனேன். விமானம் ஹீத்ரூவில் இறங்கியதை மொபைலில் பார்த்தேன். அதிலிருந்து இரண்டு மணி நேரம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று மானேஜர் கேட்டால் பதில் இல்லை. பாத்ரூம் வாசலில் என் மனைவி நின்ற காட்சியே கண்முன் வந்து வந்து போயிற்று. வீல்சேர் போட்டிருக்கலாம். கௌரவம் பார்த்து, நிறத்தை நம்பி, அறுபத்து நாலு வயசுக்காரியைத் தனியாக அனுப்பிவிட்டேன். அங்கே தங்கைக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. மூன்று தடவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அடிக்கவே இல்லை.

நாலாவது தடவை அவளே கூப்பிட்டாள். பின்னால் ஏகப்பட்ட பேச்சுச் சத்தம்.

"எங்கம்மா இருக்கே?"

"மூணாம் நம்பர்ல. டி.வி. முன்னாலதான் உக்காந்திருக்கேன். இன்னும் கேட் போடல."

எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "கஷ்டப்பட்டியா?" என்றேன்.

"ஒரு கஷ்டமும் இல்ல. ஒரு பையன், காலேஜ் பையன் மாதிரி இருந்தான், அந்தப் பெரிய க்யூவுல போய் நின்னுட்டான். அமெரிக்கா போறேன்னு வரும்போதே பிளேன்ல சொன்னான். சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். அப்புறம் ரெண்டு தெலுங்குக்காரங்க, குஜராத்திக்காரப் பாட்டி ஒருத்தி. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. முறுக்கு குடுத்தேன்."

"அவங்களும் போர்டைப் பார்த்துத்தான் வந்தாங்களா?"

"அவங்க எங்கே போர்டைப் பார்த்தாங்க? என் புடவையைப் பார்த்துக்கிட்டு வந்தாங்க. ஏன்டா, கூட்டத்தோட போகாதேன்னு சொல்லிக் குடுத்தியே, கூட்டம் என் பின்னாலயே வந்தா என்ன பண்றதுன்னு சொல்லலியே?"