ஒப்பந்தக் காகிதம் எங்கே?

முப்பத்தொரு வருஷம் கடலூர் மாவட்டத்தில் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவகை போன் மட்டும் நிற்கவில்லை. "சார், அவசரமா ஒரு லெஃப்ட் பேக் வேணும். வெள்ளிக்கிழமை ரயில் ஏறணும். உங்க பொண்ணுங்கள்ல யாராச்சும் இருக்காங்களா?"

பெண்கள் கால்பந்தில் நம் நாட்டுச் சின்ன கிளப்புகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்க்க அவர்களிடம் ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. தெரிந்த வாத்தியார், பல்கலைக்கழகப் போட்டியில் பார்த்த முகம், அணியில் இருக்கும் பெண்ணின் தோழி, இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அவ்வளவுதான் தேர்வு.

அதை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2018-ல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். அடுத்த வருஷமே மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. என் சண்டை, ஆளைக் கண்டுபிடித்த பிறகு நடப்பதோடுதான்.

சில வருஷங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தியை இப்படி ஒரு கிளப்புக்கு அனுப்பினேன். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போனில் பேசிய சம்பளத்தில் பாதிதான் அவள் கைக்கு வந்தது. மீதியைக் கேட்டால், "ஸ்பான்சர் பணம் இன்னும் வரலை." எதைக் காட்டிக் கேட்பது? எழுதிய காகிதம் எதுவும் இல்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. காகிதம் எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஃபிஃபா விதி தெளிவாக இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவுக்கு மேல் சம்பளமும் வந்தால்தான் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர். மற்றவர்கள் எல்லாம் அமெச்சூர். கிளப் பெயரில் பதிவு செய்துவிட்டோம் என்பார்கள். பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு. இது தெரியாமல் எத்தனை பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள்!

2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், கிளப்புக்குக் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது மேல்நிலை லீக்குக்கான அறிவிப்பு. கீழே ஆடும் பெண்ணுக்கு என்ன வழி?

"கூட்டம் இல்லை, டிக்கெட் வருமானம் இல்லை, நாங்க எங்கே போவோம் சார்?" என்று கிளப்காரர்கள் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2019-ல் லீக் மொத்தமும் மே மாதத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிட்டது. அதை நம்பி யார் வருஷச் சம்பளம் கொடுப்பார்கள்? சரி, கொஞ்சமாகவே கொடுங்கள். ஆனால் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், முழங்கால் போனால் வைத்தியச் செலவு யாருடையது. மூன்று வரி எழுதக் கோடி ரூபாய் வேண்டாமே!

இப்போதெல்லாம் போன் வந்தால், "முதல்ல காகிதம் அனுப்புங்க, அப்புறம் பொண்ணை அனுப்பறேன்" என்கிறேன். போன மாதம் அப்படிச் சொன்னதும் எதிர்முனையில் லைன் கட்டாகிவிட்டது. இரண்டே நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப் போய்விட்டார்கள். அவளிடமும் காகிதம் இல்லை.

ஆகவே நான் ஒருவன் கேட்டால் போதாது. இதைப் படிக்கும் வாத்தியார்களே, பெண்ணைப் பெற்றவர்களே, தாத்தா பாட்டிகளே, அடுத்த போன் உங்களுக்கும் வரலாம். "எவ்வளவு தருவீங்க" என்று கேட்பதற்கு முன்னால் காகிதத்தைக் கேளுங்கள்.