பழனிசாமியைக் கண்டுபிடிக்குமா உங்கள் சாஃப்ட்வேர்?

கோவை வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக, வக்கீல் ஆபீஸ் சாஃப்ட்வேருக்கான ஒரே மாதிரியான விளம்பரங்கள் சுற்றுகின்றன. படத்தின் இடது பக்கம் மேசை தெரியாமல் கேஸ் கட்டுகள், நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீல். வலது பக்கம் அதே வக்கீல், வெள்ளை மேசை, ஒரு லேப்டாப், வாய்கொள்ளாச் சிரிப்பு. இடது பக்கத்துக் கட்டுகளை எல்லாம் யார், எத்தனை மாதம் உட்கார்ந்து அந்த லேப்டாப்பில் ஏற்றினார்கள் என்று படம் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பு போய்விடும். விளம்பரக்காரரை நான் குறை சொல்லவில்லை, விற்பது அவர் பிழைப்பு. நல்ல சாஃப்ட்வேராகப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டால் ஆபீஸ் தன்னால் ஒழுங்குக்கு வந்துவிடும் என்று சட்டம் படித்தவர்களே நம்புவதுதான் எரிச்சலாக இருக்கிறது. எந்தக் கம்பெனி, எத்தனை வசதி, ஆளுக்கு மாதம் எவ்வளவு, சென்னையில் பெரிய ஆபீஸ்கள் எதை வைத்திருக்கின்றன என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. போர்வெல் வற்றிக் கிடக்கும்போது மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுகிற வேலை இது. பம்ப்செட் செய்து விற்கிற ஊரிலேயே இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெமோ காட்ட வருகிறவரிடம் ஒரே ஒரு பரீட்சை வைத்தால் போதும்: பழனிசாமியைத் தேடச் சொல்லுங்கள். கொங்கு நாட்டில் எந்த வக்கீல் ஆபீஸிலும் பத்துப் பழனிசாமிகளாவது கட்சிக்காரர்களாக இருப்பார்கள், எதிர்த்தரப்பில் இன்னொரு பத்துப் பேர். பத்திரத்தில் ஒருவர் பழனிசாமி, பட்டாவில் அவரே பழனிச்சாமி, ஆதாரில் பழனிசுவாமி, வங்கி மெமோவில் பழனிசாமி கவுண்டர், வில்லங்கச் சான்றில் பழனியப்பன் என்கிற பழனிசாமி. இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் டபிள்யூ போடுவார், இன்னொருவர் போடமாட்டார். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில், எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே நம் ஆபீஸ் ஆஜராகியிருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும் என்பது விற்பனைக்காரரின் தலையாய பெருமை. ஒரு எழுத்து மாறினால் ஒரு மனிதரை மூன்று மனிதராக்கி, மூன்று பேருக்கும் தனித்தனிக் கோப்பு திறந்து, முரண்பாடு ஏதுமில்லை என்று பச்சை விளக்கு காட்டும் பெட்டிக்கு ஆண்டுச் சந்தா எதற்கு? இருபது வருஷம் ஆபீஸில் இருக்கும் குமாஸ்தாவிடம் கேட்டால், ‘அன்னூர் பழனிசாமியா, சூலூர் பழனிசாமியா? சூலூர்க்காரர்னா அவர் மச்சானுக்கு நாமதானே போன வருஷம் பாகப்பிரிவினை கேஸ் போட்டோம்’ என்று ஊரும் உறவும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த மச்சான் உறவை ஏற்ற எந்தத் திரையில் கட்டம் இருக்கிறது?

குமாஸ்தா நாளைக்கே வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், அவருக்குத் தெரிந்ததை எழுதி வைக்க இடம் கொடுக்கிற ஒன்றை, அவரே கையாளக்கூடிய மொழியில் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் பெரும்பாலான டெமோக்கள் இருமத் தொடங்குகின்றன. கீழமை நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவரத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1976-லேயே திருத்தப்பட்டது. சாட்சியம் தமிழில் பதிவாகிறது, பத்திரங்கள் தமிழில் இருக்கின்றன. நம் தட்டச்சர்கள் முப்பது வருஷமாக அடித்துச் சேர்த்த பிராதும் எதிருரையும் மனுவும் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன. அவை எல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு உள்ளே அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடில் பழனிசாமி என்று தட்டித் தேடினால், அந்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு பழனிசாமிகூட அகப்படமாட்டார். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. கோர்ட் வாசல் தட்டச்சுக் கடைக்கு அந்த ஆணை இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே முதல் செலவு பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதற்கும், இனி அடிப்பதை யூனிகோடில் அடிக்கத் தட்டச்சரைப் பழக்கிவிடுவதற்கும். அதைச் செய்யாமல், ‘உங்கள் ஆவணங்கள் அனைத்திலும் நொடியில் தேடலாம்’ என்ற வாசகத்துக்குப் பணம் கட்டுகிறவர் வாசகத்தைத்தான் வாங்குகிறார்.

அடுத்த பெருமை, கெடு தேதிகளைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும் என்பது. நம் பழனிசாமிக்கு ஒரு நூல் கமிஷன் பாக்கி, அதற்குத் தந்த செக் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், சோமனூர்ப் பக்கம் செக் கேஸ் இல்லாத ஆபீஸ் ஏது? மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் எதிரி பணம் தராவிட்டால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். முதல் கெடு நாள் கணக்கு, கடைசிக் கெடு மாதக் கணக்கு. சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-ல் இதைத் தெளிவாக்கியது: மாதம் என்றால் காலண்டர் மாதம், வழக்குமூலம் எழுந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அக்டோபர் 15-ல் எழுந்த வழக்குமூலத்துக்கு நவம்பர் 15-ல் போட்ட புகார் செல்லும் என்றது. மாதத்துக்கு 30 நாள் என்று எண்ணுகிற சாஃப்ட்வேர் நவம்பர் 14-லேயே கதவைச் சாத்திவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஒரு நாள் முன்னால் ஓடுவது ஒருவரையும் கொல்லாது. லீப் அல்லாத வருஷத்தில் பிப்ரவரி 10-ல் வழக்குமூலம் எழுந்தால் கெடு மார்ச் 10; அதே சாஃப்ட்வேர் மார்ச் 12 வரை நேரம் இருக்கிறது என்று இரண்டு நாளைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம்தான். மனுவில் காரணம் என்ன எழுதுவீர்கள், சாஃப்ட்வேர் சொல்லிற்று என்றா?

இதை எல்லாம் சரியாகக் கணக்கிடுகிற சாஃப்ட்வேர் இருக்காதா என்றால், இருக்கலாம். ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? நோட்டீஸ் பழனிசாமியின் எதிரிக்கு எந்தத் தேதியில் கிடைத்தது என்பதிலிருந்து. ஒப்புகை அட்டை திரும்பி வந்ததா, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று கவரே திரும்பியதா, வாங்க மறுத்தாரா, தபால் துறையின் இணையப் பக்கம் ஒரு தேதியும் அட்டையில் போட்டிருக்கும் கையெழுத்து இன்னொரு தேதியும் காட்டுகிறதா? 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்த பிறகு இந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்துவதில் இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. கவரைப் பிரித்து, தேதியைப் படித்து, அன்றைக்கே ஏற்றுகிற ஒரு மனிதர் இல்லாத ஆபீஸில் உலகத்தின் மிக உயர்ந்த சாஃப்ட்வேரும் தப்புத் தேதியைத் துல்லியமாகக் கூட்டித் தரும். அப்படி ஒரு மனிதர் இருக்கிற ஆபீஸில் அறுபது ரூபாய் டைரியும் வேலை செய்கிறது. வாங்குமுன் கேட்க வேண்டியது இதுதான்: தேதியை யார் ஏற்றுவார், எப்போது ஏற்றுவார், ஏற்றினாரா என்று யார் சரிபார்ப்பார்?

வாய்தா தேதிகளைத் தானே எடுத்துக் கொடுக்கிறதே என்பார்கள். எங்கிருந்து எடுக்கிறது? இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து. வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண், வக்கீல் பெயரிலும் பதிவு எண்ணிலும் தேடும் வசதி, காஸ் லிஸ்ட், உத்தரவு நகல், கைப்பேசியில் நம் வழக்குகளைச் சேமித்து வைத்துத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதி, எல்லாம் அங்கே காசில்லாமல் கிடக்கின்றன. இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் மத்திய அரசு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. நம் வரிப் பணத்தில் நட்ட மரத்தின் காயைப் பறித்து நமக்கே கிலோ கணக்கில் விற்கிறார்கள், நாமும் தராசைப் பார்த்து வியக்கிறோம். நீதிமன்ற ஊழியர் அன்று மாலை தேதியை ஏற்றாவிட்டால் இலவச ஆப்பிலும் வராது, சந்தா கட்டிய சாஃப்ட்வேரிலும் வராது. கோர்ட் ஹாலில் நின்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தவருக்குத்தான் தெரியும். எல்லாம் ஒரே இடத்தில் வருகிறது என்பது மட்டும் உண்மையான வசதி. அதற்குரிய விலையைக் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம்.

பெரிய ஆபீஸ்கள் வைத்திருக்கின்றனவே என்பது கடைசி வாதம், இருப்பதிலேயே பலவீனமானதும் அதுதான். வக்கீல் ஆபீஸ் சாஃப்ட்வேர்களில் பேர்பெற்ற கிளியோ 2008-ல் கனடாவில் பிறந்தது. அங்கெல்லாம் வக்கீல் ஆறு நிமிஷத்துக்கு ஒரு துண்டாக நேரத்தை எண்ணி பில் போடுகிறார். அதனால் அந்த வகைச் சாஃப்ட்வேரின் முதுகெலும்பே நேரக் கணக்கு. கோவையில் பழனிசாமியிடம் போய், ‘உங்கள் பாகப்பிரிவினைக் கேஸைப் பற்றி 18 நிமிஷம் யோசித்தேன்’ என்று ரசீது நீட்டிப் பாருங்கள். இங்கே ஃபீஸ் கேஸுக்கு இவ்வளவு என்று பேசி, வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணையின்போது கொஞ்சம், மஞ்சள் விற்ற பிறகு மிச்சம் என்று வருகிறது. நமக்கு வேண்டியது இந்திய பார் கவுன்சில் விதிகள் நெடுநாளாகச் சொல்லி வருகிற கட்சிக்காரர் பணக் கணக்கு: செலவுக்கு வாங்கியது எவ்வளவு, ஃபீஸாக வாங்கியது எவ்வளவு, மீதி எவ்வளவு. எத்தனை ஆபீஸில் அந்தக் கணக்கு நோட்டாவது இருக்கிறது? சாஃப்ட்வேரால் நிஜமாகவே பயன் பெறுகிற வழக்குகள் உண்டு. திருப்பூர் பாசி நிதி மோசடி போல ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் உள்ள வழக்கில், (2022-ல் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்ததே, அதில்) யார் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார் என்று கட்டுகளைப் புரட்டிச் சொல்ல எந்தக் குமாஸ்தாவாலும் ஆகாது. அங்கேயும் முதலில் வேண்டியது ஒழுங்கான ஒரு அட்டவணை. அப்படிப்பட்ட வழக்கு நம் ஆபீஸுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்கலாம்.

டெமோவில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126. பழனிசாமி தன் தம்பியைப் பற்றி மூடிய அறையில் சொன்னதைச் சாஃப்ட்வேரின் குறிப்புக் கட்டத்தில் ஏற்றினால், அது எந்த ஊர் சர்வரில் உட்காருகிறது? கம்பெனிக்காரர்களில் யார் யார் திறந்து பார்க்க முடியும்? சந்தாவை நிறுத்தினால் கோப்புகள் எந்த வடிவில் கைக்கு வரும், எத்தனை நாளில் அங்கிருந்து அழிக்கப்படும்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அடமானப் பத்திரத்தில் கமா தள்ளிப் போனதைக் கண்டுபிடித்து வாதாடுகிறவர்கள், சாஃப்ட்வேர் ஒப்பந்தத்தில் மட்டும் கடைசிவரை உருட்டிவிட்டு ‘சம்மதம்’ என்று அழுத்துகிறார்கள். வெளியேறும் வழி எழுத்தில் இல்லாத எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கக் கூடாது.

சாஃப்ட்வேரில் தினமும் ஏற்றப்போவது யார் என்ற கேள்விக்கு எல்லா ஆபீஸிலும் ஒரே பதில்: ஜூனியர் பார்த்துக்கொள்வார். அந்த ஜூனியருக்கு என்ன தருகிறீர்கள்? சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. கோவையின் பேரைச் சொல்லியே சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் ஏறக்குறைய அதே தொகையைப் பரிந்துரைத்தது. ‘கத்துக்கத்தானே வந்திருக்கே, நாங்கெல்லாம் சம்பளம் வாங்கியா தொழில் கத்துக்கிட்டோம்’ என்று அதைச் சிரித்துத் தள்ளிய சீனியர்களே ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற சந்தாவுக்கு மறுபேச்சில்லாமல் கார்டை நீட்டுகிறார்கள். சந்தா ஒரு மாதம் தவறினால் திரை பூட்டிக்கொள்ளும் என்று தெரியும், அதனால் தவறுவதில்லை. ஜூனியர் பூட்டிக்கொள்ளமாட்டார் என்றும் தெரியும். அவர் ஒரு நாள் சத்தமில்லாமல் வங்கித் தேர்வு எழுதப் போய்விடுவார், அத்தோடு தேதி ஏற்றுவதும் நின்றுவிடும். அந்த 20,000-ஐ முதலில் கொடுங்கள். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் எங்கேயும் ஓடிவிடமாட்டார், அடுத்த மாதமும் சலுகை விலையோடு வருவார்.