பாடும் தகடுகள்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரில் இரண்டு வகையினர் உண்டு. எந்தச் சப்தம் கேட்டாலும் ‘அது வண்டியின் சுபாவம்’ என்று சும்மா இருப்போர் ஒரு வகை. எந்தச் சப்தம் கேட்டாலும் பெருஞ் செலவு வந்துவிட்டதென்று நடுங்குவோர் மற்றொரு வகை. இரு சாராரும் அறிந்திருக்கவேண்டிய சப்தம் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறோம்.

நாகர்கோவில் நண்பர் ஒருவரிடம் பழைய ராஜ்தூத் 350 வண்டி இருக்கிறது. ஜப்பானிய யமஹா ஆர்.டி. 350-ஐ ஒட்டி, எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் 1983-ல் நம் நாட்டில் வெளியிட்ட இரட்டைச் சிலிண்டர் வண்டி அது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எஞ்சினிலிருந்து கிணுகிணுவென்று ஓசை எழுகிறதாம். வேகம் ஏறினாலோ இறங்கினாலோ மறைந்துவிடுகிறதாம். எஞ்சினைப் பிரித்தே தீரவேண்டும் என்று ஒரு பட்டறையில் கூறிவிட்டார்கள். பிரிக்கலாமா என்று நம்மைக் கேட்கிறார்.

அவசரம் வேண்டாம். வீட்டிலுள்ள வெண்கலக் கிண்ணத்தை ஒரு கரண்டியால் தட்டிப் பாருங்கள், ரீங்காரம் எழும். விளிம்பை விரலால் தொடுங்கள், உடனே அடங்கிவிடும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்திலுள்ள இசைத் தூண்களும் இந்தத் தத்துவத்தைச் சேர்ந்தவையே. ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் ஒவ்வொன்றும் தட்டினால் தத்தமக்குரிய சுரத்தில் அதிர்கின்றன.

காற்றினால் குளிரும் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை மெக்கானிக்குகள் ‘ஃபின்’ என்பார்கள். உஷ்ணத்தைக் காற்றில் விடுவதே அவற்றின் வேலை. ஆனால் ஒவ்வொரு தகடும் அடி கெட்டியாகவும் நுனி சுதந்திரமாகவும் இருப்பதால், அது ஒரு சுரக்கட்டையுமாகிறது. இரண்டரை மில்லிமீட்டர் கனமும் முப்பது மில்லிமீட்டர் நீட்டமும் உள்ள அலுமினியத் தகடு, கணக்குப்படி வினாடிக்குச் சுமார் 2,200 தடவை அதிரக்கூடும். அதே கனத்தில் நீட்டம் இரு மடங்கானால் அதிர்வு கால் பங்காகக் குறையும். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளையே. ஆகவே தகட்டின் முணுமுணுப்புக்கூட நம் காதில் கூச்சலாக விழுகிறது.

தகடு தானாகப் பாடுவதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதுவதும், வெடிப்பின் அதிர்ச்சியும் தகட்டை உலுக்குகின்றன. அந்த உலுக்கலின் தாளமும் தகட்டின் இயற்கைச் சுரமும் ஒத்துப்போகும் வேகத்தில்தான் ஓசை பெருகுகிறது. நண்பரின் வண்டி ஒரு வேகத்தில் மட்டும் பாடுவதன் காரணம் இதுவே.

உலோகமும் கவனிக்கத்தக்கது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் பழைய புல்லட் 350-க்குச் சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆனது. வார்ப்பிரும்பினுள் பரவியிருக்கும் கரித்துகள்கள் அதிர்வை விழுங்கிவிடும். அலுமினியத்துக்கு உஷ்ணத்தைக் கடத்தும் திறன் அதிகம். அதிர்வை அடக்கும் பொறுமை குறைவு. ஆகவே யமஹாக்காரர்கள் ஆலையிலேயே தகடுகளுக்கிடையில் ரப்பர்த் துண்டுகளைச் செருகினார்கள். வேறு சிலர் வார்க்கும்போதே தகடுகளைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்தார்கள்.

பழைய வண்டிகளில் இந்த ரப்பர்த் துண்டுகள் இறுகி, வெடித்து, எங்கோ உதிர்ந்துபோயிருக்கும். பரிகாரம் சுலபம். அதிர்வு அதிகமாக இருப்பது தகட்டின் நுனியில். உஷ்ணம் அதிகமாக இருப்பது அடியில். எனவே நுனிக்கருகில் சிறு துண்டுகளை இறுக்கமாகச் செருகினால் ஓசையும் அடங்கும், ரப்பரும் நீடிக்கும். தகட்டுக்குத் தகடு நான்கைந்து இடங்களுக்கு மேல் வேண்டியதில்லை. சந்து முழுவதையும் அடைத்துவிட்டால் காற்று புகாது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் வரும்போது தெரியாத கஷ்டம், வடசேரிச் சந்தியில் வண்டி நின்றபடி உறுமும்போது தெரியும். எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் இறுகிவிட்டால், சப்தம் நிரந்தரமாகவே நின்றுவிடும்!

குலசேகரமும் கீரிப்பாறையும் ரப்பர் விளையும் நம் மாவட்டத்து ஊர்கள். அதனால் உள்ளூர் ரப்பரையே வெட்டிச் செருகலாமே என்று தோன்றும். நம் மண்ணின் சரக்கிடம் நமக்குப் பிரியம் குறைவல்ல. ஆயினும் மரத்துப் பாலில் விளையும் ரப்பர் தொடர்ந்த உஷ்ணத்தில் கெட்டுப்போகும். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். சைக்கிள் டியூப் துண்டும் நாளடைவில் வெந்து நாறும். சுமார் 200 டிகிரி வரை தாங்கும் சிலிக்கோன் ரப்பரே இவ்வேலைக்கு ஏற்றது. சுதேச அபிமானம் பௌதிக சாஸ்திரத்தை மாற்றாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: வியாதியின் குரலை ரப்பரால் மூடக்கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பென்சிலால் தகடுகளைத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஒலித்து, விரல் வைத்ததும் அடங்கும் தகடுகளை அடையாளம் செய்துகொண்டு, அவற்றில் மட்டும் துண்டுகளைச் செருகி, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓசை போய்விட்டால் அது தகட்டின் பாட்டு. எல்லா வேகத்திலும், பாரம் ஏற ஏற மிகுதியாகவும் தட்டும் சப்தம் நிலைத்திருந்தால் நோய் உள்ளேதான். பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். புல்லட்காரர்கள் முதலில் டாப்பெட்டைப் பார்க்கட்டும்: எஞ்சின் ஆறிய நிலையில், வால்வு மூடியிருக்கும்போது தள்ளுகோல் விரலால் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

சைலன்ஸரைத் துளைத்துவிட்டு ரப்பர் தேடுவோருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. அந்த அமைதியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உறங்கும் முதியோரும் இருக்கிறார்கள்.

நண்பருக்கு நம் பதில் இது: எஞ்சினை இன்று பிரிக்க வேண்டாம். முதலில் பென்சிலை எடுங்கள். பிறகு ரப்பரை எடுங்கள். அதற்குப் பின்னும் ஓசை நிற்காவிடில் ஸ்பானரை எடுக்கலாம்.