வாயிற்படி இறங்காதா?

பட்டினச்சேரி போன்ற கரையோர ஊர்களில் வெள்ளத்துக்கு அஞ்சி வாயிற்படியை உயர்த்துகிறோம். தசைச்சிதைவு நோயால் ஆண்டுக்காண்டு கால் தளரும் இளம் மனைவிக்கு அந்தப் படியே சிறைச்சுவர். இன்று கைத்தடி, நாளை சக்கர நாற்காலி. அவளைத் தூக்கி இறக்கும் கணவனுக்கு நாம் வழங்குவதோ இரண்டே உபதேசங்கள்: ஸபுர் செய், இல்லையேல் மறுமணம் செய். (ஒரு கொத்தனாரை அனுப்ப எவருக்கும் தோன்றுவதில்லை!)

நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைப் புகாரி பதிவு செய்துள்ளது. தளரும் உடலுக்காகத் தொழுகையே இறங்கி வருகிறது. நம் வாயிற்படி இறங்காதாமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. சான்றிதழ் கேட்கவே கௌரவம் பார்க்கிறோம்! அடுத்த மினாரா வசூலுக்கு முன், எத்தனை வீடுகளுக்குச் சாய்தளமும் கழிவறைக் கைப்பிடியும் வேண்டுமென ஜமாஅத் கணக்கெடுக்கட்டும்.