அப்பத்தா பாட்டைப் பதிய எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?



"சார், எங்க அப்பத்தா தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பாடும். பதிஞ்சு வைக்கணும், எது வாங்கலாம்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். வேறு சிலரும் கேட்டிருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

போன் போதாதா என்றால், ஒன்றுமில்லாததற்குப் போன் மேல். ஆனால் பாட்டு நடுவில் அழைப்பு வரும். பல போன்கள் குரலைச் சுருக்கித்தான் சேமிக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் தேயும்.

அதற்காகக் கச்சேரி பதிகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய கருவியும் வேண்டாம். ஜூம் எச்1, டாஸ்காம் டிஆர்-05 போல, தலையில் இரண்டு மைக் உள்ள சின்ன ரகமே நமக்குப் போதும். கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் நல்லது, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எம்பி3 வேண்டாம், வேவ் முறையில் பதியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் 45 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஒப்பாரிக்கு ஒரு சிக்கல் உண்டு. முணுமுணுப்பாகத் தொடங்கி, திடீரென்று உச்சத்துக்குப் போகும். அந்த இடத்தில் ஒலி உடைந்தால் பிறகு சரிசெய்ய முடியாது. 32 பிட் ஃப்ளோட் வசதியுள்ள புதிய கருவிகள் இதைத் தாங்கும், கோப்புதான் இரு மடங்கு பெருக்கும். கூடுதல் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். அது இல்லாத கருவியில், உரத்த இடத்திலும் மீட்டர் மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி வையுங்கள்.

நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். தோட்டத்துப் பக்கம் போய்ப் பாடுகிறேன் என்றால் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை அவசியம். வீட்டுக்குள் என்றால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்த்தால் துண்டு இருக்கிறது.

"ஆடித் தள்ளுபடி வரட்டும் சார்" என்கிறவரிடம்தான் எனக்குக் கோபம். அப்பத்தாவுக்கு 86 வயது தம்பி.

அதுவரை என்னிடம் இருக்கும் கருவியை எடுத்துப் போங்கள். பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.