மாதவிடாய்க்கு முந்தைய நாள்களும் நம் பெண்மக்களும்



மாதவிடாய்க்குரிய சட்டங்களை மதரஸாக்களில் விரிவாகவே கற்பிக்கிறோம். அந்நாள்களில் தொழுகை இல்லை. அதைப் பின்னர் களாச் செய்ய வேண்டியதும் இல்லை. விடுபட்ட ரமழான் நோன்பை மட்டும் நோற்க வேண்டும். திருமறை (2:222) மாதவிடாயை ஒரு தொல்லை என்றே குறிப்பிடுகிறது. ஆனால் அதற்கு முந்தைய நாள்களைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

மாதவிடாய்க்கு ஓரிரு வாரங்கள் முன்னரே இளம்பெண்கள் பலருக்கு வயிற்று உப்புசம், தலைவலி, உறக்கக் குறைவு, எரிச்சல், அழுகை ஆகியன தோன்றுகின்றன. மாதவிடாய் தொடங்கிய சில நாள்களில் அவை தணிந்துவிடும். இது உடல் சார்ந்தது. நாமோ அதனைத் திமிர் என்று கடிந்துகொள்கிறோம். அல்லது கண்ணேறு என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறோம்.

சீரான உடற்பயிற்சி இத்தொல்லைகளைக் குறைக்க உதவுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. முற்றிலும் நீக்கிவிடும் என்பதற்கில்லை. ஆயினும் செலவில்லாத வழி அது. 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும், அதற்கு மேற்பட்டோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அய்யம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் என எந்த ஊராயினும், பருவமெய்திய நம் பெண்கள் பலரின் நடை வாசலோடு நின்றுவிடுகிறது. பள்ளிக்கு வேன், வீடு திரும்பினால் கைப்பேசி.

‘ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே?’ என்பர் சிலர். தொழுகை இபாதத், உடற்பயிற்சிக்கு மாற்றாக அது கடமையாக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி வென்றதும், பின்னொரு முறை நபியவர்கள் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிய பின்னரே ஓடினார்கள் என்று அஹ்மதின் அறிவிப்பு கூறுகிறது. வெட்கம் பேணப்பட்டது, ஓட்டமும் தடைபடவில்லை.

1990களின் தொடக்கத்தில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். ஏளனப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் ஓட்டினர்.

நாம் வேண்டுவது சிறிதே. ஃபஜ்ருக்குப் பின் தாயும் மகளும் அரைமணி நேரம் சேர்ந்து நடக்கட்டும். மொட்டைமாடியில் கயிறு தாண்டட்டும். பெண்கள் மதரஸாக்கள் பாடவேளையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கட்டும். தந்தையர் அதற்குத் துணை நிற்கட்டும். மாதந்தோறும் மகள் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே.

நம் பெண்மக்களுக்கு அல்லாஹ் உடல்நலத்தையும் மன அமைதியையும் அருள்வானாக. ஆமீன்.